போயிட்டு வா என்ற வசனம்

ஒரு காட்டேரியை வீட்டுக்குள் கூப்பிட்டது மீனுதான் என்று சீரியல் பார்க்கிற தமிழ்ச்சனம் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கூப்பிடவே இல்லை. போகத்தான் சொன்னாள். தமிழில் போகச் சொன்னாள், அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

சங்கதி இதுதான். திருவனந்தபுரத்தில் எடுக்கிற ‘அந்திவர்மன்’ என்ற மலையாள சீரியலுக்குத் தமிழ் வசனம் எழுதுகிற வேலை அவளுக்கு. அந்திவர்மன் ரத்தம் குடிக்கிறவன், ஆனாலும் ஹீரோ. கறுப்புச் சட்டை, எண்ணெய் காணாத முடி, கண்ணில் எந்நேரமும் ஒரு சோகம். அவன் யார் கழுத்தில் வாய் வைத்தாலும் பார்க்கிற பெண்கள் “பாவம், பசி” என்றார்களே தவிர, கழுத்துக்காரியைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவனுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. வீட்டு ஆள் யாராவது ‘வா’ என்று சொன்னால்தான் வாசற்படி தாண்ட முடியும். சொல்லாவிட்டால் எவ்வளவு பெரிய காட்டேரியானாலும் மழையோ பனியோ வெளியில்தான் நிற்க வேண்டும்.

முதல் சீசனின் கடைசி எபிசோடில் நாயகியின் அம்மா அவனை வாசலில் நிறுத்தி, “பொய்க்கோ” என்கிறாள். கிளம்பு, போய்க்கொள் என்று அர்த்தம். மலையாளத்தில் அது சாதாரணப் பேச்சு. அம்மாக்காரி கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றதால் வாயசைவுக்கு வசனத்தை வெட்டி ஒட்டுகிற பாடும் இல்லை. மீனு யோசிக்காமல் எழுதினாள்: “போயிட்டு வா.”

பின்னே வேறு என்ன எழுதுவாள்? படி இறங்குகிறவனைப் பார்த்து மொட்டையாகப் ‘போ’ என்று சொல்கிற வீட்டில் அவள் பிறக்கவில்லை. சாவு விழுந்த துஷ்டி வீட்டிலிருந்து மட்டும்தான் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புவார்கள். மற்றபடி பால்காரரோ, கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரோ, யாரானாலும் போயிட்டு வரணும். அம்மாவுக்குக் குரல் கொடுத்த சபீனா நல்ல மனசுக்காரி. அந்த வரியைப் பாசம் கொட்டச் சொல்லித் தொலைத்துவிட்டாள்.

அது ஓடி முடிந்த மறுநாளே பிடித்துக்கொண்டார்கள். ‘டேய் அந்தி, அத்தையே போயிட்டு வான்னுட்டாங்க, இனி உன்னை யாருடா தடுக்கிறது’ என்று கமெண்ட் கமெண்டாகக் குவிந்தது.

டப்பிங் டைரக்டர் ஹரிகுமார் தங்கமான மனிதர். கோபம் வந்தால் மட்டும் அவருக்கு இரண்டு மொழியும் ஒன்றுக்குள் ஒன்று விழுந்துவிடும். “எந்து பணியா மீனு நீ காணிச்சது? அவனை வெளிய நிறுத்தத்தான் ஒரு சீசன் முழுக்க கஷ்டப்பட்டோம். நீ ஒரே வரியில விளிச்சு உள்ள கேத்திட்டியே!”

“சார், அதுக்கு வான்னு அர்த்தம் இல்ல. போயிட்டு வான்னா போன்னுதான் அர்த்தம். தமிழ்ல யாரும் வெறுமனே போன்னு சொல்ல மாட்டோம்.”

“அப்போ அந்த ‘வா’ எதுக்கு?”

“அது… ஒரு மரியாதைக்கு.”

“காட்டேரிக்கா?” என்றார் ஹரிகுமார்.

மீனுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது. ஏனென்றால் திருவனந்தபுரத்தில், கரமனையில் அவள் வீட்டு கேட்டிலும் ஒருத்தன் வந்து நின்றுகொண்டிருந்தான்.

அவள் புருஷன் நாகேஸ்வரன். திருநெல்வேலியில் ஜவுளிக்கடை. சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போகிற பழக்கம் அவனுக்கு இருந்தது. திரும்பி வந்து திறக்கும்போது முகத்தில் அத்தனை பிரியம் இருக்கும். ஒருநாள் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு “பூட்டாதீங்க” என்றாள். அவன் கதவை இழுத்துச் சாத்தினான். அவள் இடது கைச் சுண்டுவிரல் இன்றுவரை நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, “கதவுல நசுங்கிருச்சு” என்று சொல்லிவிட்டாள். நசுங்கியதற்கும் நசுக்கியதற்கும் நடுவில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். வசனம் எழுதிச் சாப்பிடுகிறவளுக்கு அந்த ஒரு எழுத்து அன்றைக்கு வாயில் வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

கரமனைக்கு, அம்மா சரஸ்வதியம்மாளிடம் வந்து வருஷம் ஒன்று ஆகிவிட்டது. அப்பா குற்றாலலிங்கம் போனபின் அம்மா அங்கே தனியாகத்தான் இருந்தாள். நாகேஸ்வரன் விடவில்லை. வெள்ளை வேட்டி கட்டி, ஒரு கையில் பழம், ஒரு கையில் பிச்சிப்பூ என்று வந்து கேட்டுக்கு வெளியே நிற்பான். தெருவே அவன் பக்கம். “இப்படி ஒரு மாப்பிள்ளை எந்தக் கடையில கிடைக்கும்?” என்று எதிர்வீட்டு வடிவம்மாள் மீனுவின் காதில் விழும்படியே கேட்பாள்.

மீனுவும் அம்மாவும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். கேட்டைத் திறக்கக் கூடாது. ‘வாங்க’ என்று சொல்லக் கூடாது. அம்மாவுக்கு அது உயிர் போகிற வேதனை. “ஏட்டி, வாசல்ல வந்து நிக்கிற மனுசனை வாங்கன்னு சொல்லாம இருந்தா நாக்கு அழுகிராதா எனக்கு?” என்று அழுதாள். ஆனாலும் மகள் விரலைப் பார்த்துப் பார்த்து அந்த ‘வாங்க’வை விழுங்கப் பழகினாள். கிளம்பும்போதுதான் மாட்டிக்கொண்டாள். அவன் கேட்டுக்கு வெளியே நின்று, “அத்தை, போயிட்டு வாரேன்” என்பான். யாராவது தும்மினால் ‘நூறு’ என்று வருகிற மாதிரி, அம்மா வாயிலிருந்து தானாக வந்துவிடும்: “போயிட்டு வாங்க.”

அவன் போவான். வருவான்.

இரண்டாவது சீசனுக்கு ஹரிகுமார் கூப்பிட்டு அனுப்பினார். இப்போது முகத்தில் கோபத்தைக் காணோம். அந்தக் கமெண்ட் சண்டையாலேயே தமிழில் ஆட்கள் இரட்டிப்பாகப் பார்க்கிறார்களாம். மலையாளத்தில் அந்திவர்மன் ஏதோ முன்ஜென்ம சாபம், மந்திரம் என்று சுற்றி வளைத்து நாயகி வீட்டுக்குள் வருகிறான். “தமிழுக்கு அதெல்லாம் வேண்டா. நீ எழுதினதே போதும். அவ ‘எப்படி உள்ள வந்தே’ன்னு கேட்கட்டும். அவன் அந்த ‘போயிட்டு வா’வை எடுத்து அவ முகத்துல வீசட்டும். ஒரு வரி. நறுக்குன்னு.”

“சார், அது தப்பாயிரும்.”

“என்ன தப்பு?”

என்ன தப்பென்று சொல்வது? எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றா? எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னொருத்தர் எழுதுவார், அடுத்த மாதத்திலிருந்து இன்னொருத்தர்தான் எழுதுவார். மீனு உட்கார்ந்து எழுதினாள். எழுதும்போது கை தன் பாட்டுக்கு ஓடியது என்பதுதான் கொடுமை. அவ்வளவு சுலபமாக எந்த வசனமும் அவளுக்கு வந்ததில்லை.

“உங்க அம்மா அன்னிக்கு என்ன சொன்னாங்க? போயிட்டு வா. போனேன். வந்துட்டேன்.”

அப்பப்பா, அது பிடித்த பிடி! கல்லூரிப் பிள்ளைகள் ரீல்ஸ் போட்டார்கள். பழவங்காடியில் தேங்காய் வாங்கினால் தமிழ்க் கடைக்காரர் மிச்சச் சில்லறையைத் தந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி “போயிட்டு வா” என்பார், வாங்கினவர்கள் ஓரடி நடந்து திரும்பி “வந்துட்டேன்” என்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு எபிசோட் முடிவிலும் ‘தமிழ் வசனம்: மீனு குற்றாலலிங்கம்’ என்று வந்தது. அம்மா அதை போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த தடவை நாகேஸ்வரன் வந்தபோது மீனு உள்ளறையில் இருந்தாள். கேட்டின் இரும்புக் கம்பியில் அவன் மோதிரம் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல்.

“அத்தை, அன்னிக்கு என்ன சொன்னீங்க? போயிட்டு வாங்கன்னீங்க. போனேன்… வந்துட்டேன்.”

எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்தபடியே சொன்னான். எதிர்வீட்டு வடிவம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும், பாவம், சிரிக்கிற இடம் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். மீனு பயந்தது அவன் வந்ததற்காக அல்ல. அவள் கையில் இருந்த ஒரே ஒரு சாமானான சொல்லையும் அவன் எடுத்துக்கொண்டுவிட்டான் என்பதற்காக.

மறுநாளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். அவர்கள் இரண்டு தரப்பையும் கூப்பிட்டார்கள். விசாரித்த இன்ஸ்பெக்டர் மேடத்துக்கு நல்ல கனிவான முகம். மலையாளம் கலந்துதான் பேசினார், தமிழ் கேட்டால் புரியும் என்றார். அந்தப் ‘புரியும்’தான் மோசம் செய்தது.

நாகேஸ்வரன் போனை எடுத்து மேசைமேல் வைத்தான். கேட்டுக்கு வெளியிலிருந்து அவன் எடுத்த வீடியோ. ஒன்று, இரண்டு, அடுத்தது, அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் அம்மா கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, “போயிட்டு வாங்க” என்கிறாள்.

“இவங்கதான் என்னைப் போயிட்டு வரச் சொன்னாங்க மேடம். வரச் சொன்னதுக்குத்தான் வந்தேன்” என்றான் பணிவாக.

“மேடம், அதுக்கு வரச் சொன்னதா அர்த்தம் இல்ல” என்றாள் மீனு. “அது விடை கொடுக்கிறது. எல்லாருக்கும் சொல்றதுதான். போங்கன்னு சொல்ல வாய் வராம சொல்றது.”

மேடம் யோசித்தார். “பக்ஷே, ‘வா’ன்னு சொல்றாங்களே?”

“சொல்றாங்க. ஆனா வான்னு சொல்லல.”

சொன்ன உடனே அவளுக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. ஹரிகுமாரிடம் இதே வரியைச் சொல்லித் தோற்றவள் இங்கே எந்த முகத்தோடு ஜெயிப்பாள்? நாகேஸ்வரன் அதற்கும் தயாராக வந்திருந்தான். போனில் வேறொன்றைத் தட்டினான். அந்திவர்மன் வந்தான். கறுப்புச் சட்டை, சோகம் எல்லாம். “போயிட்டு வா. போனேன். வந்துட்டேன்.” அதன்கீழே அவள் பெயர்.

“ஐயோ, இது நிங்ஙளாணோ எழுதுறது?” என்று மேடம் முகமெல்லாம் மலர்ந்துவிட்டார். “வீட்டுல எல்லாரும் இதை விடாம காணும்!”

“இவளே எழுதியிருக்கா மேடம், போயிட்டு வான்னா உள்ள வரலாம்னு. வீட்டுல மட்டும் அதுக்கு வேற அர்த்தமாம்.” அதையும் அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மேடமும் சிரித்தார். ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரரும் சிரித்தார். சண்டை போடுகிற இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டால், சிரிக்காதவள்தான் தப்புக்காரி. மீனு கையைத் தூக்கிச் சுண்டுவிரலைக் காட்டினாள். மேடத்தின் சிரிப்பு நின்றது. “ஆஸ்பத்திரியில என்ன சொன்னீங்க?” என்று கேட்டார். கதவில் நசுங்கியது என்று சொன்னதாக நாகேஸ்வரன்தான் பதில் சொன்னான்.

மேடம் அம்மாவிடம் திரும்பினார். “அம்மா, நீங்க சொல்லுங்க. வாங்கன்னு சொன்னீங்களா, இல்லையா?”

சரஸ்வதியம்மாள் ஆயுசில் பொய் சொன்னவள் இல்லை. மகளைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். “சொன்னேன் மக்கா” என்றாள். “ஆனா அவன் வரக்கூடாதுன்னு நினைச்சுக்கிட்டேதான் சொன்னேன்.”

நினைத்ததெல்லாம் ஸ்டேஷனில் எடுபடுமா? கடைசியில் மேடம் ஒரு வழி சொன்னார். கல்யாணம் செய்தவன், பேசக் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரட்டும். அம்மா ‘வாங்க’ என்று கூப்பிட்டால் உள்ளே உட்கார்ந்து பேசலாம். கூப்பிடாவிட்டால் கேட்டுக்கு வெளியிலிருந்தே திரும்பிப் போய்விட வேண்டும். “அம்மா சொன்னாத்தான். மனசிலாயோ?” என்று அவனிடம் விரலை நீட்டிக் கேட்டார். “சரி மேடம்” என்றான் நாகேஸ்வரன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மீனுவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. சீரியல் சட்டத்தையே ஸ்டேஷன் சட்டமாக்கிவிட்டார்களே என்று. கரமனைப் பாலம் தாண்டும்போது வேறொன்று தோன்றியது. தோன்றியதும் நெஞ்சு லேசாயிற்று. ஒரே ஒரு சொல்தானே? அம்மா அதைச் சொல்லாமல் இருந்தால் போதுமே. சொல் என்பது மீனுவின் வேலை. யாரிடம் எந்தச் சொல்லை எப்படிச் சொல்ல வைப்பது என்று அவளுக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும் ஒத்திகை ஆரம்பித்தாள். அம்மாவை நடையில் நிற்க வைத்து, சபீனாவுக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொல்லிக் கொடுத்தாள்.

“வராதீங்க. சொல்லு பார்ப்போம்.”

“வராதீங்களேன்” என்றாள் அம்மா.

“களேன் வேண்டாம்மா. கெஞ்சுற மாதிரி இருக்கு. வராதீங்க.”

“இன்னிக்கு வராதீங்க.”

“இன்னிக்குன்னா நாளைக்கு வருவான்.”

“உங்களுக்கே தெரியும், அவளுக்கு மனசு சரியில்ல, அதனால வராதீங்க.”

“அம்மா!”

“கத்தாதட்டி. பாதி வாய்க்குள்ளயே நிக்குது. அறுபது வருசம் இந்த வாய்க்கு வேற பழக்கம்.” சரஸ்வதியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரம் கழித்துத் தானாகவே எழுந்து அடுப்படிக்குப் போனாள். சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே மெதுவாகச் சொல்லிப் பார்க்கிற சத்தம் கேட்டது. வராதீங்க. வராதீங்க. வராதீங்க. மீனு அதைக் கேட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அம்மாமேல் அப்போது வந்த பாசத்துக்கு அளவே இல்லை. சனிக்கிழமைக்குள் அம்மா அதை எந்த வாலும் ஒட்டாமல், சுத்தமாகச் சொல்லப் பழகிவிட்டாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாகேஸ்வரனும் வந்தான். வெள்ளை வேட்டி, பழம், பூ. வடிவம்மாள் தன் வீட்டு வாசலில் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தாள். மீனு உள்ளறைக்குப் போகவில்லை, நடையிலேயே நின்றாள். அம்மா முற்றம் தாண்டிப் போய் கேட்டுக்கு இந்தப்பக்கம் நின்றாள்.

“அத்தை, வந்திருக்கேன்” என்றான்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“வான்னு சொல்ல மாட்டீங்களா?”

அம்மா வாயைத் திறந்தாள். ‘வராதீங்க’ என்று வரும் என்று மீனு காத்திருந்தாள். அது வரவில்லை. அதைவிடப் பெரிதாக வந்தது.

“வராதலே! போ! என் மவ விரலை ஒடிச்ச பயலுக்கு என் வீட்டுல இடம் கிடையாது. போலே!”

வடிவம்மாள் சிரிக்கவில்லை, எழுந்து நின்றுவிட்டாள். சரஸ்வதியம்மாள் வாயிலிருந்து ‘லே’ போட்டு ஒரு சொல் வந்து அந்தத் தெரு கேட்டதில்லை. அப்படி ஒரு வசனத்தை மீனுவால் எழுதியிருக்கவே முடியாது. இதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது. தமிழிலும் கிடையாது, மலையாளத்திலும் கிடையாது. எந்த ஸ்டேஷனில் போட்டுக் காட்டினாலும் இது இதுதான்.

நாகேஸ்வரன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். முகத்தில் கோபமே இல்லை. பழத்தையும் பூவையும் ஒரே கைக்கு மாற்றிக்கொண்டான். காலியான கையைக் கம்பிகளுக்கு நடுவில் விட்டு உள்பக்கத்துக் கொண்டியைத் தூக்கினான். அந்தக் கேட்டுக்குப் பூட்டு எப்போதும் கிடையாது. இத்தனை நாளும் கிடையாது. அது அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

“வராத… வராதீங்க…” என்று அம்மா பின்னால் நகர்ந்தாள். நகர நகரச் சொல் பழையபடி மரியாதைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. “வராதீங்களேன் மாப்பிள்ளை…”

மீனு எதிர்வீட்டைப் பார்த்தாள். வடிவம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். போனை எடுக்க வேண்டும் என்று நினைத்தாள்; போன் கூடத்தில் இருந்தது; அதற்குள் அவன் கேட்டுக்கு உள்ளே வந்திருந்தான். அந்தக் காட்டேரிக்காவது ஒரு சொல் தேவைப்பட்டது. இவனுக்கு ஒரு சொல்லும் தேவைப்பட்டதில்லை. வெளியே நின்றவரைக்கும் இவனாகத்தான் நின்றிருக்கிறான்.

நாகேஸ்வரன் முற்றத்தைத் தாண்டி நடைக்கு வந்தான். செருப்பைக் கழற்றி, மீனுவின் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தான். பிறகு திரும்பிப் போய், கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டு வந்தான்.